கேர்னலும் வெளியார் மொடியூல்களும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் பழைய கணினிகள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தியது. அடுத்த பதிப்பை ஏற்க வலுவில்லாத பொறியை எறிந்துவிட மனமில்லாதோர்க்கு லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை ஒரு நல்ல வழி. ஆயினும் அவ்வழியில் ஓர் இடறுகல் உண்டு.

கடைவீதியில் மலிவாக வாங்கிய சிறிய வைஃபை கருவி, மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்கின்றது. ஒருநாள் முறைமை புதுப்பிக்கப்படுகின்றது. மறுநாட் காலை கருவி வாய்திறப்பதில்லை. கருவி பழுதாகிவிட்டதென்று கருதி, பலர் அதைக் குப்பையில் இடுவர். உண்மையில் அது பழுதாகவில்லை.

முறைமையின் நடுவே கேர்னல் என்னும் கரு உள்ளது. நினைவகமும் வட்டும் வலையும் அதன் ஆணைக்குள் அடங்கியவை. ஒரு கருவியை இயக்கும் அறிவைக் கேர்னலுக்கு ஊட்டும் சிறு பகுதியே மொடியூல். மொடியூல்களிற் பெரும்பாலானவை கேர்னலின் மூல நிரலோடு ஒரே வீட்டில் வளர்பவை. சில மட்டும் கருவி செய்தோராலோ, ஆர்வலராலோ வெளியே எழுதப்படுபவை. இடர் இவற்றுக்கே.

மருதமுனையில் தறி நெய்வோர்க்கு இது எளிதில் விளங்கும். தறியின் சட்டத்தை மாற்றும் தச்சர், தாம் செய்த உறுப்புகளையும் அதற்கேற்பத் திருத்திவிடுவார். வேற்றிடத்தில் வாங்கிய உறுப்போ பொருந்தாது நிற்கும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னல், இன்று ஏறக்குறைய ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக வெளிவருகின்றது. அதன்மேல் இயங்கும் மென்பொருள்கள் பழுதுபடலாகாது என்பதில் அதனை ஆக்குவோர் மிகக் கண்டிப்பானவர்கள். கேர்னலின் உள்ளிணைப்புகளுக்கோ அத்தகைய வாக்குறுதி எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கி கிரெக் குரோவா ஹார்ட்மன் எழுதிய குறிப்பு, கேர்னலின் ஆவணங்களோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளது. பிழையுள்ள ஏற்பாட்டை என்றென்றும் சுமக்க அவர்கள் விரும்பவில்லை. கடுமையான கொள்கைதான், எனினும் நியாயமற்றதன்று.

2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பைப் பாருங்கள். குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடக்கிவைக்கும் அமைப்பில், எதனை அழைப்பது என்ற குறிப்பும் அதனிடம் ஒப்படைக்கும் தரவும் அருகருகே இருந்தன. நினைவகப் பிழையொன்றின் வழியே புகும் தீயோர்க்கு இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் எளிதாயிற்று. ஆதலால் பழைய ஏற்பாடு நீக்கப்பட்டது. கேர்னலுக்குள் அதனைப் பயன்படுத்திய நூற்றுக்கணக்கான இடங்களை மாற்றியோரே திருத்தினர். வெளியிலிருந்த மொடியூல்களை யார் திருத்துவது? அவற்றின் உரிமையாளர் விழித்திருந்தால் திருத்தினார். உறங்கியிருந்தால் கருவியும் உறங்கிற்று.

டெல் நிறுவனத்துப் பொறியியலாளர் 2003இல் டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாட்டை உருவாக்கினர். புதிய கேர்னல் வந்தவுடன் வெளி மொடியூலை அதற்கேற்ப மீண்டும் தானே தொகுத்துத் தருவது அதன் பணி. மிகப் பயனுள்ளதே. ஆனால் அது தொகுக்குமேயன்றித் திருத்தாது. மூல நிரல் பழையதாயின் தொகுப்பு இடையில் முறியும். பழைய கேர்னலிலேயே தங்கிவிடுவோரும் உளர். இரண்டொரு நாளுக்கு அது தகும். நெடுநாள் தங்கினால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

நிலையான வழி, மொடியூலைக் கேர்னலின் வீட்டுக்குள்ளேயே சேர்ப்பது. ரியல்டெக் நிறுவனத்தின் சில வைஃபை சில்லுகளுக்கு, யூ.எஸ்.பி. வழியே இயங்கும் ஆதரவு 2023 பெப்ரவரியில் வந்த 6.2ஆம் பதிப்பில் அவ்வாறு சேர்க்கப்பட்டது. ஆகவே கருவி வாங்குவோர் விலையை வினவுமுன், எந்தப் பதிப்பிலிருந்து கேர்னலே இதனை அறியும் என்று வினவுதல் வேண்டும். பெட்டியின்மேல் லினக்ஸ் என்று அச்சிட்டிருத்தல் அதற்கு விடையாகாது.

வாங்கிவிட்டோர்க்கு இன்னொரு சங்கடம். திருத்திய மொடியூலை இறக்க இணையம் வேண்டும். இணையமோ அக்கருவியாலேதான் வரவேண்டும். அப்பொழுது கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு இதற்கெனத் தனி மொடியூல் தேட வேண்டியதில்லை. அதற்குரியது கேர்னலுக்குள்ளேயே இருக்கின்றது.