நிலம் சோற்றுக்கா, எண்ணெய்க்கா?

(காங்கேசன்துறையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



எண்ணெய் இல்லாத நாள் எத்தகையது என்பதை நமக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க் கலனைக் கையிலேந்தி வரிசையில் நின்றவர்கள் நாம். கிணற்றிலே நீர் இருந்தது. தோட்டத்திலே வெங்காயம் வாடியது. இரண்டுக்கும் இடையே இறைக்கும் இயந்திரம் எண்ணெயின்றிக் கிடந்தது. ஆதலால், எரிபொருளை நிலத்திலேயே விளைவிக்கலாம், அந்நிய நாட்டின் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒருவர் கூறினால், அது நம் செவிக்கு இனிக்கத்தான் செய்யும். இனிக்கின்றது என்பதனாலேயே அதனை நிறுத்துப் பார்க்க வேண்டியவர்களாகின்றோம்.

பாக்குநீரிணைக்கு அப்பால் நடப்பதைப் பாருங்கள். பெற்றோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எதனோல் கலப்பதற்கு 2030ஆம் ஆண்டை எல்லையாக வகுத்திருந்த இந்திய அரசாங்கம், அதனை 2025ஆம் ஆண்டுக்கு முற்படுத்தி, அவ்வாண்டிலேயே எட்டியும் விட்டது. கரும்பும் சோளமும் அரிசியும் வடிசாலைக்குச் செல்கின்றன. இதனால் நன்மையே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. எண்ணெய்க்காக வெளியேறும் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி மிஞ்சுகின்றது. கரும்பாலையின் பணத்துக்காகக் காத்துக் கிடந்த உழவனுக்கு மற்றொரு சந்தை திறக்கின்றது. எதிர்த்தரப்பின் சான்றை மறைத்து வழக்கை வெல்ல நாம் விரும்பவில்லை.

ஆயினும் ஏட்டின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டுமல்லவா? கரும்பிலிருந்து ஒரு லீற்றர் எதனோல் பெறுவதற்கு ஏறத்தாழ 2,860 லீற்றர் நீர் செலவாகின்றது என்று கணக்கிட்டது, இத்திட்டத்தை எதிர்ப்பவரல்லர். அதற்கு வழிவகுத்த இந்திய நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே அதனைக் கூறுகின்றது. ஒரு மோட்டார் வண்டியின் 40 லீற்றர் தாங்கியை எதனோலால் நிரப்ப 1,14,400 லீற்றர் நீர்! அந்த எதனோலின் எரிசக்தியோ அதே அளவு பெற்றோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே. சோளத்தை ஏற்றுமதி செய்து வந்த இந்தியா 2024ஆம் ஆண்டில் சோளத்தை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கோழித்தீவனத்தின் விலைக்கும் வண்டியின் தாங்கிக்கும் இடையே இவ்வாறு ஓர் இழுபறி பிறந்தது.

பயிர் எரிந்து வெளிவிடும் கரியை அடுத்த பயிர் உண்டுவிடும். ஆகவே வானத்துக்குக் கேடில்லை என்பர். பாதி உண்மை. அப்பயிருக்கு இட்ட உரத்திலிருந்து எழும் நைதரசன் ஒட்சைட்டு, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றது. இறைப்புக்கும் வடிப்புக்கும் வேறு எரிபொருள் வேண்டும். உணவு விளைந்த வயலில் எரிபொருளை விளைவித்தால், உணவுக்காக வேறெங்கோ ஒரு காடு வீழ்கின்றது. இதனை உணர்ந்தே, காட்டை அழித்துப் பரவும் செம்பனை எண்ணெயைப் போன்றவற்றை 2030ஆம் ஆண்டுக்குள் எரிபொருள் கணக்கிலிருந்து நீக்குவதென ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் விதித்தது. நம் நாட்டிலும் புதிதாகச் செம்பனை நடுவது 2021ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் உண்டா? மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அதுவே நம் கிணறு. அதுவே நம் குடிநீர். அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அளவு மீறி உரமிட்டால் நைத்திரேற்று கீழிறங்கும். இரண்டையும் நாம் ஏற்கனவே செய்து வருகின்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். வெங்காயத்துக்கும் புகையிலைக்குமே நொந்து போன கிணறு, கரும்பையும் சோளத்தையும் வண்டிக்காகத் தாங்குமா?

எண்ணெய்க்காக நீரை இழப்பது என்னவென்று சுன்னாகத்தைக் கேளுங்கள். மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. தீர்ப்புக் கிடைத்தது, கிணறு கலங்கியது கலங்கியதுதான். இந்தக் காங்கேசன்துறையையும் கேளுங்கள். 1950ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டுவரை இங்கே சீமெந்து பிறந்தது. பலருக்கு வேலை கிடைத்தது. அந்த நன்மையை நாம் மறக்கவில்லை. ஆனால் கணக்கு மூடப்பட்ட பின்னரும் கல்லகழ்ந்த குழிகள் மூடப்படவில்லை. இலாபம் ஏட்டில் எழுதப்படுகின்றது. நட்டம் நிலத்தில் எழுதப்படுகின்றது.

"நல்ல நிலம் வேண்டாம், தரிசு நிலம் போதும்" என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். இந்த இடத்திலேதான் நாம் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தரிசு நிலங்களுக்கென்று காட்டாமணக்கை முன்வைத்தார்கள். தமிழ்நாட்டு உழவரும் நட்டனர். நீரின்றி அச்செடி உயிரோடு நின்றது, ஆனால் காய்க்கவில்லை. காய்க்க நீர் வேண்டியிருந்தது. பலர் அதனைப் பிடுங்கி எறிந்தனர். அவர்கள் தரிசு என்றழைத்த நிலமோ ஏழையின் ஆடு மேய்ந்த நிலம், விறகு பொறுக்கிய நிலம்.

தரிசு என்பது மண்ணின் குணமன்று, நண்பர்களே. அது சட்டம் சூட்டும் பெயர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலம் மாறாகக் காட்டப்படும்வரை முடிக்குரியது என்று அனுமானித்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் வெளியான வர்த்தமானி, வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னர் அது மீளப்பெறப்பட்டது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்த மக்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. உழ முடியாதபடி உரியவரை வெளியே நிறுத்திவிட்டு, உழப்படாத நிலம் தரிசு என்றால், அது எந்த நியாயம்? நாளை எந்தப் பசுமைத் திட்டமும் இந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு நம் வேலிக்குள் நுழைய நாம் இடங்கொடுத்தல் ஆகாது.

அப்படியாயின் மீண்டும் வரிசையில் நிற்பதா? அதுவுமன்று. எரிபொருளுக்கென்று நிலத்தை ஒதுக்குவது வேறு. வீணாவதை எரிபொருளாக்குவது வேறு. கரும்பாலையின் கழிவுப்பாகும், மாட்டுத்தொழுவத்துச் சாணமும் கிணற்றைப் புதிதாகக் கேட்பதில்லை. இறைக்கும் இயந்திரத்துக்கு வெயில் போதும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் எண்ணெய்ச் செலவு அற்ற இயந்திரத்தை நாள் முழுதும் ஓடவிட்டால் உவர்நீரே மேலே வரும் என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே எரிபொருட் பயிர் என்று எவர் வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம். எந்தக் கிணற்று நீர்? எவருடைய நிலம்? அதில் முன்பு விளைந்தது எது? நட்டம் வந்தால் பொறுப்பவர் யார்? விடையை எழுத்தில் பெறுவோம்; பெறாமல் கையொப்பமிடோம். அதற்கு முன்பாக, ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் குறித்து வைக்கட்டும். பொறியியலாளரும் ஆசிரியரும் அதற்குத் துணை நிற்கட்டும்; காணி உறுதிகளைச் சீர்செய்து வைக்கும் பணியை வழக்கறிஞராகிய நாம் ஏற்கின்றோம்.

எண்ணெய் தீர்ந்தால் கப்பலில் வரும். கிணறு உவர்த்தால் எந்தக் கப்பல் கொண்டு வரும்?