யாருடைய பெயரை எழுதுவார்கள்?

(சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2017 செப்டெம்பர் 10ஆம் திகதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் ரயிலேறி சிட்னி நகர மண்டபத்துக்குப் போனேன். என்னோடு வார்ட்டில் வேலை செய்யும் மூன்று தோழிகள் அங்கே காத்திருந்தார்கள். திருமண சமத்துவம் கேட்டு நடந்த ஊர்வலத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து நடந்தோம். "கோயிலுக்குப் போகிற நீங்கள் அங்கே ஏன் போனீர்கள், அக்கா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இன்று பதில் சொல்கிறேன்.

நான் தாதிப் பயிற்சி பெற்றது இலண்டனில். நோயாளி வார்ட்டுக்கு வந்ததும் நாங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "உங்களுடைய மிக நெருங்கிய உறவினர் யார்?" என்பது. நடுராத்திரியில் நிலைமை மோசமானால் அவரைத்தான் கூப்பிடுவோம். கணவன் மனைவி என்றால் ஒரு திருமணப் பத்திரம் போதும். அது இல்லாதவர்கள், சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கே அத்தாட்சி தேட வேண்டி வரலாம். துக்கத்தில் நிற்பவர் எதைத் தேடுவார்?

பிரித்தானியாவில் சட்டப்படி மணம் முடித்த இரண்டு ஆண்கள் அவுஸ்திரேலியாவுக்குத் தேன்நிலவுக்கு வந்தார்கள். 2016 ஜனவரியில் அடிலெய்டில் ஒருவர் படியில் விழுந்து இறந்துபோனார். அவருடைய மரணச் சான்றிதழில் 'ஒருபோதும் திருமணமாகாதவர்' என்று எழுதப்பட்டது. மாநில முதல்வர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நடந்தேன்.

தபால் வாக்கெடுப்பின் முடிவு நவம்பர் 15ஆம் திகதி வந்தது. நாடு முழுவதும் 61.6 வீதமானோர் 'ஆம்' என்றார்கள். ஆனால் நம்மவர்கள் பலர் வாழும் மேற்குச் சிட்னியில், பரமட்டா உட்படப் பல தொகுதிகள் 'இல்லை' என்றன. இரு பக்கத்தாரும் இங்கே ஒரே வாங்கில் இருக்கிறோம், ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த சட்டம், எந்தப் போதகரையும் தமது விசுவாசத்துக்கு மாறாகத் திருமணம் நடத்தும்படி கட்டாயப்படுத்தவில்லை. பலிபீடத்துக்கு முன் எது நடக்கலாம் என்பது சபை ஜெபித்து முடிவெடுக்க வேண்டிய காரியம்.

ஆனால் பெற்றோரே, இன்னொரு காரியம் நம் கையில் இருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, மனம் நொந்து வார்ட்டுக்கு வந்த இளம் பிள்ளைகளை நான் பராமரித்திருக்கிறேன். நெருங்கிய உறவினர் பெயர் எழுதும் இடத்தைச் சிலர் வெறுமையாக விட்டிருந்தார்கள். தாய் தகப்பன் உயிரோடுதான் இருந்தார்கள். நம் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். சாப்பாட்டு மேசையில் நாம் அடிக்கும் பகிடியை அந்தப் பிள்ளை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் இரண்டு அம்மாமார் உள்ள பிள்ளை இருந்தால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் இருந்து சேர்ந்து சாப்பிடுங்கள். உங்களுக்கே மனதில் பாரம் இருந்தால் தனியே சுமக்காதீர்கள். அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். அது கஷ்டமாக இருந்தால் என்னிடம் வாருங்கள்.

நம் பிள்ளைகள் எந்த நாளிலும், எந்த நிலையிலும், பயமில்லாமல் நம் பெயரை எழுதக்கூடிய வீடுகளைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.