மாலைநேரப் படகும் மஃரிப் வேளையும்

 



நீரின் மீது கப்பல்கள் மிதந்து செல்வதைத் தன் வல்லமையின் அத்தாட்சியாகவும், மனிதனுக்குத் தான் செய்த பேருபகாரமாகவும் அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் எடுத்துக் கூறுகிறான் (2:164, 31:31). நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களைக் கப்பலில் ஏறச் சொன்னபோது, அது ஓடுவதும் நிலைகொள்வதும் அல்லாஹ்வின் திருப்பெயராலேயே என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார்கள் (11:41). எனவே, படகில் ஏறுவதோ ஓடும் ஆற்றைக் கண்டு மனம் மகிழ்வதோ மார்க்கத்தில் குற்றமன்று. சிந்தனையோடு பார்ப்பவருக்கு அதுவே இபாதத்தாகவும் ஆகிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு.

ஆற்றின் நடுவே

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்த சமயம். அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜமாஅத் தொழுகையைத் தவறவிடாதவர். மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், எட்டு வயது மகன் ஆகியோருடன் கோவாவுக்குச் சென்று வந்திருந்தார். பனாஜி நகரில் மாண்டவி ஆற்றின் மீது மாலை நேரத்தில் ஓடும் உல்லாசப் படகு ஒன்றில் நால்வருக்கும் இடம் பதிந்திருக்கிறார். சூரியன் மறையும் நேரத்தில் புறப்பட்டு, இரவு உணவும் பரிமாறி, இரண்டு மணி நேரம் கழித்துக் கரை திரும்பும் படகு அது. குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லித்தான் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

படகு கரையை விட்டு விலகியதும் பாட்டு தொடங்கியது. முதலில் கொங்கணி நாட்டு ஆடல்கள். அடுத்து, ரெட்ரோ என்று அறிவித்துவிட்டு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய டிஸ்கோ பாடல்களும் பழைய இந்திப் படப் பாடல்களும். ஒலிபெருக்கியில் பேசியவர் முதலில் சிறுவர்களையும், பிறகு தம்பதியரையும், அதன்பின் பெண்களை மட்டும் தனியாகவும் ஆடுவதற்கு மேடைக்கு அழைத்தார். ஒரு பக்கம் மதுபான விற்பனை. அடுத்த மேஜையில் குப்பிகள் வந்து சேர்ந்தன. உணவு வந்தபோது, கோழி எவ்வாறு அறுக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஓடிப்போய் ஆடிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தான்.

மகள் தந்தையின் காதருகே குனிந்து, "அத்தா, மஃரிப் வக்து போய்க்கொண்டிருக்கிறதே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நடு ஆற்றில் எங்கே இறங்குவது? பதில் இல்லாதபோது மனிதனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை அவர் தம் மனைவியின் மீது கொட்டினார். "உன்னால்தான் இங்கே வந்தோம்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் ஏசிவிட்டார்.

"ஹஜ்ரத், நாங்கள் போனது ஹராமா?" என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட கேள்வி. மது, ஆடல், தவறிய தொழுகை ஆகியவற்றைப் பற்றி மார்க்கம் சொல்வதைச் சொன்னேன். தவ்பாச் செய்து, தொழுகையைக் களாச் செய்யும்படிக் கூறி அனுப்பினேன். கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய துணைவியார் என் வீட்டாரிடம் சொன்ன சொல் என் காதுக்கு வந்தது. "பதினேழு வருடத்தில் நான் வாய் திறந்து கேட்டது இந்த ஒரு பயணம்தான். இனி எதையும் கேட்க மாட்டேன்."

பெருமக்களே! அன்று நான் பாதிப் பதிலைத்தான் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீதிப் பாதியே இந்த உரை.

தண்ணீர் கேட்டவர்கள்

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் ஒன்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே இருப்பவர்களைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தொந்தரவு தராமல், தங்கள் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காவிட்டால் எல்லோரும் அழிவார்கள். தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று அண்ணலார் எச்சரித்தார்கள்.

தீமையைத் தடுப்பதற்கு ஆதாரமாக இந்த ஹதீஸை மிம்பர்களில் ஓதுகிறோம். அது சரியே. ஆயினும் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கீழ்த்தளத்தார் தீய எண்ணம் கொண்டவர்களாகக் காட்டப்படவில்லை. அவர்களுக்குத் தாகம். தாகம் குற்றமன்று, அதைத் தீர்க்கத் தேர்ந்துகொண்ட வழிதான் தவறு. ஓட்டை போடாதே என்று கையைப் பிடித்துத் தடுப்பது மேல்தளத்தார் மீது கடமை. தடுத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கீழே இறக்கிக் கொடுப்பது யார் மீது கடமை?

நம் வீடுகளில் மேல்தளத்தில் இருப்பவர்கள் யார்? ஆண்களாகிய நாம்தான். நமக்குக் கடைத்தெரு உண்டு. பள்ளிவாசல் திண்ணை உண்டு. நண்பர்களோடு தேநீர் உண்டு. வருடம் முழுவதும் அடுப்படியிலும் பாடப் புத்தகத்திலும் அடைபட்டிருக்கும் மனைவி மக்களுக்கு என்ன உண்டு? சினிமா கூடாது, கச்சேரி கூடாது, கடற்கரையில் கூட்டம் கூடாது என்று கூடாதவற்றின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறோம். கூடும் என்று நாமே தேடிக் கொடுத்தது எது? ஒன்றும் கொடுக்காமல் வருடங்களைக் கடத்திவிட்டு, ஒருநாள் அவசரமாக, விசாரிக்காமல் கிடைத்த படகில் ஏற்றிவிடுகிறோம். பிறகு நடு ஆற்றில் நின்று ஏசுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் இல்லம்

நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டிகளோடு விளையாடியபோது, அதைப் பார்க்க அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தம் பின்னால் இடம் தந்து மறைத்து நின்றார்கள். அன்னையார் தாமாகவே சலித்துப் போகும்வரை அசையாமல் நின்றார்கள். இளவயதுப் பெண்ணுக்கு விளையாட்டின் மீதுள்ள ஆசையைப் புரிந்து நடந்துகொள்ளுங்கள் என்று பிற்காலத்தில் அன்னையாரே மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு பயணத்தில் அண்ணலாரும் அன்னையாரும் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. உம்மத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர்களுக்கு மனைவியோடு ஓடுவதற்கு நேரம் இருந்தது. நமக்கு ஏன் இல்லை?

அந்த மகிழ்ச்சியில் மது இல்லை, தொழுகை தவறவில்லை, பெண்ணின் கண்ணியம் அந்நியர் முன் விலை போகவில்லை. அனுமதியும் வரம்பும் ஒரே இல்லத்தில் இருந்தன.

பழைய பாடல்களின் வலை

அந்தச் சகோதரர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "மகன் ஆடினான் என்று கோபப்பட்டேன், ஹஜ்ரத். ஆனால் அந்தப் பழைய பாட்டு வந்தபோது என் காலும் தாளம் போட்டது."

இந்த நேர்மைக்கு அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! இளைஞர்களின் இசையைக் கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். பழைய பாடல்களோ நம் தலைமுறைக்கென்றே போடப்படுபவை. நாம் பதினெட்டு வயதில் கேட்டவற்றை மீண்டும் காதில் ஊற்றி, அந்த வயதையே திருப்பித் தருவதாக ஆசை காட்டுகின்றன. முப்பது வருடத்துக்கு முந்திய பாடல் ஒரு சொல் மாறாமல் நினைவில் நிற்கிறது. அதே வயதில் மக்தப் மதரஸாவில் மனனம் செய்த சூராக்களில் எத்தனை நிற்கின்றன? நாம் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கடலில் புயல் சூழும்போது மனிதர்கள் உளத்தூய்மையோடு அல்லாஹ்வை அழைக்கிறார்கள் என்றும், கரை சேர்ந்ததும் மாறிவிடுகிறார்கள் என்றும் திருமறை கூறுகிறது (29:65). அவர்களாவது கரைக்கு வந்தபின் மறந்தார்கள். நாம் தண்ணீரின் மீது இருக்கும்போதே மறந்துவிடுகிறோமே!

எதிரே இருந்த கிப்லா

கோவாவிலிருந்து கிப்லா ஏறக்குறைய மேற்குத் திசையில் இருக்கிறது. கர்நாடகத்தில் மகதாயி என்ற பெயரோடு தோன்றும் மாண்டவி ஆறும் பனாஜியைக் கடந்து மேற்கே அரபிக்கடலில் கலக்கிறது. ஆகவே, படகு கடல்முகம் நோக்கிச் சென்ற நேரத்தில் கிப்லாவின் திசை அக்குடும்பத்தின் முன்னாலேயே இருந்தது. மேல்தளத்தின் ஒரு மூலையில் துண்டை விரித்திருந்தால் மூன்று ரக்அத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஓடும் படகில் நிற்க முடிந்தவர் நின்று, கிப்லாவை முன்னோக்கித் தொழ வேண்டும். படகு திரும்பினால் தாமும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி முஸாஃபிர் மஃரிபை இஷாவோடு சேர்த்துத் தொழலாம். ஆனால் மஃரிப் வக்து முடிவதற்குள் அவ்வாறு நிய்யத் வைத்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இச்சலுகை இல்லை. எந்த மத்ஹபினருக்கும் மஃரிபில் கஸ்ர் கிடையாது. தடையாக நின்றது சட்டமன்று. நான்கு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் தடை. ஆடுகிறவர்களுக்கு இல்லாத கூச்சம் தொழுகிறவர்களுக்கு எதற்கு?

பயணச்சீட்டு வாங்கும் முன்

மாண்டவியாயினும், கேரளத்துக் காயலாயினும், வெளிநாட்டு ஆறாயினும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நேரம். படகு எப்போது புறப்படும், எப்போது திரும்பும், இடையில் எந்தத் தொழுகை வருகிறது? மஃரிபுக்கு உள்ள வக்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இரண்டாவது, உணவு மேஜை. அங்கே மது பரிமாறப்படுமா? மது சுற்றிவரும் விரிப்பில் ஒரு முஃமின் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். இறைச்சி ஹலாலானதா? மாண்டவியில் சூதாட்ட விடுதிகளாகவே நிறுத்தப்பட்ட கப்பல்களும் உண்டு. மதுவையும் சூதாட்டத்தையும் அல்லாஹ் ஒரே வசனத்தில் சேர்த்துத் தடுத்திருப்பதை (5:90) நினைவில் கொள்க.

மூன்றாவது, மேடை. யார் ஆடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்? நம் பிள்ளைகளை அழைத்தால் நாம் என்ன செய்வோம்?

பதில் சரியில்லையென்றால் சீட்டை மட்டும் விட்டுவிடுங்கள்; பயணத்தை விடாதீர்கள். அதே மாண்டவியில் ஊர் மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்காக ஃபெர்ரிப் படகுகள் ஓடுகின்றன. ரிபந்தர் துறையிலிருந்து அக்கரையில் உள்ள சோராவ் தீவுக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். அலையாத்திக் காடுகளுக்கு நடுவே அங்கே ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகளை ஆராய்வதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட சலீம் அலி அவர்களின் பெயரால் அது அமைந்திருக்கிறது. பஜ்ருத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். பனாஜியின் ஆற்றங்கரையில் பீஜப்பூர் சுல்தான் யூசுஃப் ஆதில் ஷா கட்டிய மாளிகை நிற்கிறது. 1510இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த முஸ்லிம்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள். அச்சகோதரரின் படகும் அம்மாளிகையைக் கடந்துதான் சென்றிருக்கும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்ட ஒலிபெருக்கி இடம் தரவில்லை.

அக்குடும்பத்தாரோடு பிறகு பேசினேன். அத்தனை பேர் முன்னிலையில் ஏசியவர், பிள்ளைகளின் முன்னிலையில் மனைவியிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றேன், தெரிவித்தார். அடுத்த விடுமுறைக்கு இடத்தை மகள் விசாரித்துச் சொல்வாள், தொழுகை நேரத்தைத் தாய் கணக்கிடுவார், தந்தை பணம் கட்டுவார் என்று முடிவாயிற்று.

பெருமக்களே! வாகனத்தில் ஏறும்போது ஓதும்படி ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் (43:13,14) கற்றுத்தரப்பட்ட துஆ, நாம் நம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்ற நினைவோடு முடிகிறது. எந்தப் படகும் கரை திரும்பியே ஆக வேண்டும். இறங்கும்போது நம் தொழுகையும், நம் பெண்களின் கண்ணியமும், பிள்ளைகளின் மகிழ்ச்சியும் நம்மோடு சேர்ந்து இறங்க வேண்டும். அவற்றில் எதை ஆற்றில் விட்டுவந்தாலும் கேள்வி குடும்பத் தலைவரிடம்தான்.

நம் குடும்பத்தாரின் ஆசைகளை அறிந்து, அவற்றை ஹலாலான வழியில் நிறைவேற்றும் நல்லுள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.