நகையில் எண், கையில் ரசீது



செம்பனைக் குலை வெட்டியும் உதிரி பொறுக்கியும் மிச்சம் பிடிக்கும் காசை, நம்மில் பலர் பவுனாகவே சேர்த்து வைக்கிறோம். நம் தோட்டத்துத் தாய் ஒருவர், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் கைவேலைச் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டு போனார். உரைத்துப் பார்த்தவர், “அம்மா, இது 22 காரட் இல்லையே” என்றார். சங்கிலியில் எண் இல்லை; வீட்டில் ரசீதும் இல்லை. அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

நகையில் 916 என்று பொறித்திருந்தால், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். அதுவே 22 காரட். 10 கிராம் சங்கிலி என்றால் 9.16 கிராம் தங்கம். 750 என்றிருந்தால் ஏழரை கிராம்தான். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. இந்தக் கணக்கை நம் பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

கைவேலை நகையில் துண்டுகளைப் பொடி வைத்து ஊதி இணைப்பார்கள். மாற்றுக் குறைந்த பொடி மிகுந்தால், நகை முழுவதன் மாற்றும் இறங்கிவிடும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகையால்தான் சட்டம் வந்தது. மலேசியாவில், விலைமதிப்புள்ள உலோகப் பொருள்கள் பற்றிய 1994-ஆம் ஆண்டு வாணிப விவரிப்பு விதிகளின்படி, விற்கும் தங்க நகையில் மாற்று எண் பொறித்திருக்க வேண்டும்; வாங்குபவருக்கு ரசீதும் தர வேண்டும். ‘கையால் செய்தது’ என்பது எண் இல்லாததற்குச் சமாதானம் ஆகாது.

நகை வாங்கும்போது நாம் மூன்று காரியங்கள் செய்வோம். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி எண்ணைப் பார்ப்போம். நம் கண்முன்னே எடை போடச் சொல்வோம். ரசீதில் எடை, மாற்று, அன்றைய கிராம் விலை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குவோம். கல் பதித்த நகையானால் கல்லின் எடையையும் கேட்போம்.

ஏமாற்றப்பட்டால் வாய்மூடி இருக்க வேண்டாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நமக்காகப் பேசுவது அந்த ரசீதுதான்.

பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பெட்டியில் எப்படிப் பத்திரப்படுத்துகிறோமோ, அப்படியே நகை ரசீதையும் வைத்துக்கொள்வோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிமார் கடைக்குப் போகும்போது, பேரப்பிள்ளைகள் உடன் சென்று எண்ணைப் படித்துச் சொல்லட்டும்.