நம் மாணவரும் கணினிப் பராமரிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தை வாழ்த்துவோர் இம்மேடையில் பலர் உளர். ஆதலின் நாம் வாழ்த்தோடு நின்றுவிடாமல், கழகம் அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணி ஒன்றினைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அது கணினியில் தட்டச்சுச் செய்யும் பயிற்சி அன்று. கணினியைத் திறந்து, பழுதறிந்து, சீர்செய்து, மீண்டும் தொடங்கச் செய்யும் பயிற்சி.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கணினி அறையின் சாவி அலுவலக அலமாரியில் இருந்தது. கணினிகள் பொருள் இருப்புப் பதிவேட்டில் இருந்தன. மாணவர் கைகளில் இல்லை. ‘தொடாதே, கெட்டுவிடும்’ என்பதே அவ்வறையின் முதற் பாடம். தொடாதே என்னும் சொல்லை நம் மக்கள் எத்தனை தலைமுறையாகக் கேட்டு வந்தனர் என்பதை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே அச்சொல்லைச் சொன்னவர் சாதி கருதிச் சொல்லவில்லை. தணிக்கைக்கு அஞ்சியே சொன்னார். எனினும் விளைவு ஒன்றேதான். வீட்டில் கணினி உள்ள பிள்ளை வீட்டில் கற்றது. இல்லாத பிள்ளை எங்கும் கற்கவில்லை.

அவ்வறையில் மூன்று கணினிகள் ‘பழுது’ என்னும் சீட்டுடன் ஓராண்டாகக் கிடந்தன. பின்னர்த் திறந்து பார்த்தபோது ஒன்றில் சிறு மின்கலம் தீர்ந்திருந்தது. மற்றொன்றில் நினைவகப் பலகையின் முனையில் உப்புப் படிந்திருந்தது. மூன்றாவதில் மட்டுமே மெய்யான பழுது இருந்தது. சில பத்து ரூபாயில் முடியும் வேலைக்காக ஒரு வகுப்பு ஓராண்டை இழந்தது.

கணினி தொடங்கும் முறையை அறிந்தால் அச்சம் பாதி நீங்கும். பொத்தானை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி, 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தாய்ப்பலகைக்கு அளிக்கிறது. அப்பலகையின் சில்லில் எழுதப்பட்டுள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல் விழித்தெழுகிறது. புதிய கணினிகளில் இதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. உள்ளது. அது நினைவகம், திரைக்கான மின்சுற்று, விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. குறை காணின், சிற்றொலி எழுப்பும் கருவி பொருத்தப்பட்ட கணினிகளில் ஒலியால் அறிவிக்கிறது. அவ்வொலிகளின் பொருள் நிறுவனந்தோறும் வேறுபடும். தாய்ப்பலகையின் கையேட்டில் காணலாம். சோதனை முடிந்தபின், குறித்து வைத்த வரிசைப்படி வன்தட்டு முதலியவற்றில் இயங்குதளத்தைத் தேடி, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்குக் கூறிய முறை. கணினிக்கும் அதுவே முறை. விசிறியே சுழலவில்லையா? முதலில் மின்வழியைப் பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டுள்ளதா? திரையின் கம்பியையும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். எழுத்துகள் தோன்றியபின் இயங்குதளம் இல்லை என்னும் செய்தி வருகிறதா? தொடக்க வரிசையையும் வன்தட்டின் இணைப்பையும் பார்க்க வேண்டும். சிறிது நேரம் இயங்கித் தானே அணைகிறதா? விசிறியில் அடைந்த தூசியையும், செயலியின் மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையையும் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவனும் இந்நான்கு வினாக்களையும் கற்றுக்கொள்ள இயலும்.

இனி, நம் கடற்கரைக்கே உரிய நோய் ஒன்று உண்டு. முத்தையாபுரம், முள்ளக்காடு உப்பளங்களின் காற்று நம் பள்ளிகளுள்ளும் புகுகிறது. கடலுப்பில் சிறிதளவு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரத்தை ஈர்ப்பதில் வல்லது. ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். இயங்கும் கணினி தன் வெப்பத்தால் ஓரளவு உலர்ந்திருக்கும். பூட்டி வைத்த கணினியே விரைவில் கெடும். ஆகவே கோடை விடுமுறையிலும் வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு கணினியையும் ஒரு மணி நேரம் இயக்குதல் நன்று. கெட்டுவிடும் என்று பூட்டுவது, நம் ஊரில் கெடுப்பதற்கே வழி!

நினைவகத்தைத் துப்புரவு செய்யும் முறை எளிது. மின்கம்பியைச் சுவரிலிருந்து முற்றிலும் கழற்றுக. தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்கப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுக. பின்னர் நினைவகப் பலகையை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பொருத்துக. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் மாணவர் ஒருபோதும் திறத்தல் ஆகாது. கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையை நாம் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நீர் புகுந்த கணினியை, இயங்குகிறதா என்று உடனே போட்டுப் பார்ப்பது பெருந்தீங்கு. நீர் கெடுக்காத பாகத்தையும் அந்த மின்சாரம் கெடுத்துவிடும். சேற்றையும் உப்பையும் நீக்கி, முற்றிலும் உலர்த்திய பின்னரே சோதித்தல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன் கணினிகளை மேசைமேல் ஏற்றி வைப்பது அதனினும் நன்று.

அடுத்து, தொடக்க அமைப்புகள். கணினி விழிக்கும்போது நிறுவனத்திற்கேற்ப டெலிட் அல்லது எஃப்2 போன்ற விசையை அழுத்தினால் இவ்வமைப்புப் பக்கம் திறக்கும். நாள், நேரம், தொடக்க வரிசை, கடவுச்சொல் ஆகியன அங்கே உள்ளன. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடச் செய்வது தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம். பல கணினிகளில் இவ்வமைப்புகளைக் காப்பதும் அதுவே. அது தீர்ந்தால் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும்.

இது சிறு குறையன்று. பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. கணினியின் நாள் பிழையாயின் அத்தளங்கள் திறக்க மறுக்கும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாளில் இவ்வாறு நேர்ந்தால், இழப்பு யாருடையது? மின்கலத்தை மாற்றி, நாளைத் திருத்தினால் முடியும் வேலைக்காக ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்வி இடருறக் கூடாது. மாற்றுவதற்கு முன் அமைப்புகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. பயாஸைப் புதுப்பிக்கும் வேலையை மட்டும், யு.பி.எஸ். இன்றிச் செய்ய வேண்டா. இடையில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே செயலற்றுப் போகலாம்.

இதனை இன்று கற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும். சில கணினிகளில் அக்கூறு இருந்தும், தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் அது குறிக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கி வைத்தால், பிற தகுதிகளும் உடைய கணினி பயன்படும். தகுதியில்லாக் கணினியும் குப்பையன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற, உரிமக் கட்டணமில்லா இயங்குதளங்கள் உள்ளன. தொடக்க வரிசையில் யு.எஸ்.பி.யை முதலில் வைத்து அவற்றை நிறுவலாம். நிறுவும் முன் வன்தட்டில் உள்ள கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளைக் கழகம் கேட்டுப் பெற்றால், நம் மாலை வகுப்புகளுக்கு அவை போதும்.

பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு: ‘கைவேலையிலிருந்து மீளத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், அவன் கையில் மீண்டும் திருப்புளியா?’ இக்கேள்வியின் பின்னே உள்ள வேதனையை நாம் அறிவோம். நம் மூதாதையர் மேல் சுமத்தப்பட்ட வேலையில் உழைப்பு அவர்களுடையதாக இருந்தது. விலை சொல்லும் உரிமையும் விலகிச் செல்லும் உரிமையும் பிறருடையனவாக இருந்தன. நாம் சொல்லும் வேலை அத்தகையதன்று. ஏன் என்று அறிந்து செய்யும் வேலை அது.

இக்கரையின் முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். அரசு நடத்திய குளிப்புகளில், சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. மூச்சடக்கி எடுத்தவர் கை வேறு. திறந்து பார்த்தவர் கை வேறு. அக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்தில், இன்று சரக்குப் பெட்டகக் கணக்கும் சுங்க ஆவணமும் கணினி வழியே நடைபெறுகின்றன. அக்கணினிகளைத் திறந்து பார்க்கும் கைகளுள் நம் பிள்ளைகளின் கைகளும் இருத்தல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1942-ல் அரசப் பிரதிநிதியிடம் அளித்த கோரிக்கை மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் ஒடுக்கப்பட்ட இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று கேட்டார். பல்கலைக்கழகப் பட்டங்கள் பல பெற்ற அப்பேரறிஞர், பணிமனையைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதைப் பெற்றோர் உணர்தல் நலம்.

ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரப் பராமரிப்பு வகுப்பு. அதில் பெண் பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம். இரண்டு, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பழுதுப் பதிவேடு. நாள், குறை, காரணம், செய்த சீர், செய்த மாணவர் பெயர் ஆகியவற்றை மாணவரே எழுதுதல். மூன்று, பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு, தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள கணினி வன்பொருள், வலைப்பின்னல் பராமரிப்புத் தொழிற்பிரிவில் சேர வழிகாட்டுதல்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மேசை, இரண்டு திருப்புளி, ஒரு தூரிகை, சில மின்கலங்கள், கழிக்கப்பட்ட ஒரு கணினி ஆகியவை போதும். பழகுவதற்கென வைத்த அக்கணினி கெட்டாலும் கவலையில்லை. அறையின் சாவியை மட்டும் வகுப்புத் தலைவரிடம் கொடுத்து வைப்போமாக.