கேடயமும் ஆயுதப் போட்டியும்

(ஸ்ரீரங்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



கூட்டத்துக்கு வரும் வழியில் பஞ்சாலைத் தோழர் ஒருவர் என்னை நிறுத்தினார். "அண்ணே, எதிரி விடும் ஏவுகணையை ஆகாயத்திலேயே உடைக்க நம்மிடம் ஏவுகணை வந்துவிட்டது. அதையும் குறை சொல்லலாமா? அது கேடயம்தானே, வாள் இல்லையே?" என்றார். நியாயமான கேள்வி. இன்று அதற்கே பதில் சொல்கிறேன்.

விஷயம் உண்மைதான். 2006 நவம்பர் 27ல் ஒடிஸா கடற்கரையிலிருந்து ஒரு பிருத்வி ஏவுகணையை விட்டு, இன்னொன்றை ஏவி அதை வழிமறித்தார்கள். சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில்! திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குள்ள தூரத்தை ஆகாயத்தில் நிமிர்த்திப் பாருங்கள். மறு வருஷம் டிசம்பர் 6ல், 15 கிலோமீட்டர் உயரத்தில் வேறொரு ரகத்தைப் பரீட்சித்தார்கள். மேலே தப்பியதைக் கீழே பிடிப்பது என்று ஏற்பாடு. 1983ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை வகித்த அப்துல் கலாம் நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். விஞ்ஞானிகளின் திறமையை நான் குறை சொல்லவில்லை.

முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். காற்றில்லாத நாளில் நெல் தூற்ற முடியுமா? நெல்லும் பதரும் சேர்ந்தே விழும். வாயுமண்டலத்துக்கு மேலே காற்றே கிடையாது. எதிரி ஒரு குண்டோடு பத்து வெறும் பலூன்களையும் சேர்த்து விட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் ஒரே பாதையில் வரும். பிரித்தறிவது ராடாருக்கு மகா கஷ்டம். காற்றுக்குள் இறங்கிய பிறகு பதர் பின்தங்கும். அதற்குள் குண்டு தலைக்கு மேலே வந்துவிடும். பரீட்சையில் நாளும் இடமும் முன்கூட்டியே தெரியும். யுத்தத்தில் யார் சொல்லிவிட்டு விடுவார்கள்?

சரி, நாம் கேடயம் செய்தோம். பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருந்தானா? 2017 ஜனவரியில் பாகிஸ்தான் 'அபாபீல்' என்ற ஏவுகணையைப் பரீட்சித்தது. ஒன்றிலேயே பல குண்டுகள்! இந்த வட்டாரத்தில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பை மனதில் வைத்தே இதைச் செய்ததாக அந்த நாட்டு ராணுவமே அறிவித்தது. 2024 மார்ச்சில் நம் சர்க்காரும் பல குண்டுகள் சுமக்கும் அக்னி-5ஐப் பரீட்சித்தது. குண்டு குறைந்ததா, கூடியதா?

இந்த ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1972லேயே உடன்படிக்கை செய்து, தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு கட்டின. 2002ல் அமெரிக்கா அதை உதறியது. 2018ல் ரஷ்யா புதுப்புது ஆயுதங்களைக் காட்டி, அதற்கு இதுதான் பதில் என்றது.

2024 ஜூலை 24ல் நடந்த பரீட்சையின்போது, ஏவுதளத்தை ஒட்டிய பத்துக் கிராமங்களிலிருந்து பதினாயிரம் ஜனங்களுக்கு மேல் தற்காலிகமாக அப்புறப்படுத்தினார்கள். இழந்த கூலிக்கு ஈடு தருவதாக பாலாசோர் ஜில்லா நிர்வாகம் சொன்னது. நம் பத்திரிகைகளில் ஏவுகணையின் படம்தான் பெரிதாக வந்தது.

பஞ்சாலைத் தோழருக்கு ஒரு வார்த்தை. ஏவுகணைப் பரீட்சைகளை முன்கூட்டியே தெரிவிப்பது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 2005ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தத் தடுப்பு ஏவுகணை அதில் அடங்கவில்லை. இதையும் அந்த மேஜைக்குக் கொண்டுவந்து இரு சர்க்கார்களும் பேசட்டும் என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.