ஓரியின் ஊரைத் தேடி

மதுரைக்குச் செல்வோர் வானளாவும் கோபுரத்தைக் காண்கின்றனர். தஞ்சைக்குச் செல்வோர் இராசராசன் எடுத்த பெருங்கோவிலைக் காண்கின்றனர். அந்நகரங்களில் வரலாறு கல்லாய்க் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால், கல்லில் நில்லாமல் சொல்லில் மட்டுமே நிற்கும் ஊர்களும் உண்டு. அத்தகைய ஊர் ஒன்றைத் தேடி நான் சென்ற கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னர், நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம் ஆசிரியனாக இருந்த நாளில், ஒரு வகுப்பில் வல்வில் ஓரியைப் பற்றிய புறநானூற்றுப் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை மாய்த்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடுகிறார். நான் என்னை மறந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிப்பவன். “ஐயா, தாங்கள் எங்கள் மலைக்கு வந்திருக்கிறீர்களா?” என்று கேட்டான்.

“வந்திருக்கிறேன்” என்றேன். அது பொய். அவன் முகம் மலர்ந்தது. “எந்த நாட்டுக்கு வந்தீர்கள், ஐயா?” என்றான். நாடு என்றால் இந்திய நாடு, தமிழ்நாடு என்றுதான் மற்ற மாணவர்களுக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது. எனக்கும் அவன் கேள்வி விளங்கவில்லை. “உட்கார், பாடத்தைக் கவனி” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பணி ஓய்வு பெற்ற பிறகே அம்மலைக்குப் போனேன். நாமக்கல்லிலிருந்து புறப்படும் பேருந்து, காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடைந்ததும் ஏறத் தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறினால், கீழே வயல்கள் கட்டம் போட்ட துணி போலச் சுருங்குகின்றன. மேலே காற்று குளிர்கிறது. மலையுச்சி கூராக இராமல், மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டர் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயரம். பலாவும் வாழையும் அன்னாசியும், மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் அங்கே செழித்திருக்கின்றன.

அம்மாணவனின் கேள்வி எனக்கு அங்கேதான் விளங்கிற்று. கொல்லிமலை மக்கள் தங்கள் மலையைப் பல நாடுகளாகப் பகுத்து வாழ்கின்றனர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்பன அவற்றுட் சில. ஊராட்சிகளின் பெயர்களாகவும் அவை இன்று வழங்குகின்றன. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் மலையாளிகள் என்று அழைக்கப்படும் அம்மக்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. அன்று அந்தச் சிறுவன் கேட்டது சரியான கேள்வி. சிரித்த நாங்களே அறியாதவர்கள்.

செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் அங்கே நடக்கிறது. சிலையைக் கண்டேன், அவன் ஊர் எங்கே என்று தேடினேன். நற்றிணையில் கபிலர் பாடிய ஒரு பாடலில் ஓரியின் ஊரிலிருந்த ஒரு பெருந்தெரு வருகிறது. அத்தெருவை நாம் காணும் நாள் நல்ல நாளன்று. திருமுடிக்காரி என்பவன் ஓரியைக் கொன்று, அத்தெருவில் புகுந்தான். அப்போது ஊரில் எழுந்த ஆரவாரத்தையே கபிலர் உவமையாகக் கூறுகிறார். ஓர் ஊரின் இறுதி நாள், அதன் ஒரே ஒரு தெரு, அதில் எழுந்த கூக்குரல். அவ்வளவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

மாணவர்களே, இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓரியும் வள்ளல், காரியும் வள்ளல். சிறுபாணாற்றுப்படை எண்ணிக் கூறும் எழுவருள் இருவரும் அடங்குவர். கேட்டவர்க்கு இல்லையென்னாத இரு கைகளே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. வென்ற காரி கொல்லிமலையைத் தனக்கென வைத்துக்கொள்ளவுமில்லை; சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. கொடைக்குணம் மட்டுமே போரைத் தடுத்துவிடாது என்பது அத்தெரு நமக்குக் கற்பிக்கும் பாடம். நம் பாடநூல்களில் எழுவர் பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்யும்போது இதை நாம் நினைப்பதில்லை.

அத்தெருவைத் தேடி வளப்பூர் நாட்டுப் பக்கம் நடந்தேன். அறப்பளீசுவரர் கோவிலைக் கண்டேன். தேவாரத்தில் பெயர் வரும் பழம்பதி அது. அதன் அருகிலிருந்து ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கினால் ஐயாறு அருவியாய்க் குதிக்கிறது. ஆகாய கங்கை என்று அதற்குப் பெயர். என் முழங்கால் பாதிப் படியிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் இளைஞர்கள், முழுவதும் இறங்குங்கள். இறங்கிய படிகள் அத்தனையும் ஏற வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

களைத்து ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். ஒரு மூதாட்டி வெளியே வந்தார். “அம்மா, ஓரி ராசாவின் கோட்டை இருந்த இடம் எது?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கோட்டை எங்கே போய்விடும், சாமி? வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள்” என்றார். சூடான சாமைச் சோறும் அவரைக் குழம்பும் வந்தன. நான் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை.

உண்ணும்போது வன்பரணர் பாட்டே என் நினைவுக்கு வந்தது. காட்டில் பாணர் கூட்டத்தைக் கண்ட ஓரியும் தன் பெயரைச் சொல்லவில்லை. வேட்டையாடிய இறைச்சியைத் தந்தான். தன் மலையில் பிறந்த பொன்னைத் தந்தான். அவனை யாரென்று அறியாமலே பாணர் வியந்து நின்றனர். நான் தேடிய ஊரின் தெரு மறைந்துபோயிற்று. அந்த ஊரின் வழக்கம் அத்திண்ணையில் இருந்தது.

“வயலெல்லாம் சாமைதானா, அம்மா?” என்றேன். “முன்னே அப்படித்தான், சாமி. இப்போது மரவள்ளிக் கிழங்குதான் காசு தருகிறது. சாமையைக் குற்றிக் குற்றிக் கை ஓய்ந்துபோயிற்று. இது வீட்டுக்கு மட்டும் விதைத்தது” என்றார். அவர் சொன்ன நான்கு வாக்கியத்தில் ஒரு மலையின் பொருளாதாரமே அடங்கியிருந்தது. கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சாமையின் உமியை நீக்கும் கடும் உழைப்போ பெண்கள் கையிலேயே இருந்தது. ஆதலால் தினையும் சாமையும் பனிவரகும் வயல்களிலிருந்து விலகின. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பழைய விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் பொறிகளை ஊர்களுக்குக் கொண்டு வரவும் மக்களோடு சேர்ந்து உழைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. உலகம் காலந்தாழ்ந்து போற்றிய தானியத்தை, அம்மூதாட்டி என் இலையில் கேளாமலே இட்டார். பணம் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

மாணவ நண்பர்களே, பழம்பெரும் ஊர்களுக்குச் செல்லுங்கள். செல்லுமுன் அவ்வூரைப் பற்றிப் படியுங்கள். சென்ற பின், படித்ததைச் சற்றே ஒதுக்கி வைத்து, அங்கு வாழ்வோர் சொல்வதைக் கேளுங்கள். கோட்டையைத் தேடும் கண்ணுக்கு மனிதர் தெரியாமற் போகக் கூடாது. பார்க்காத ஊரைப் பார்த்ததாக மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்; அந்தச் சிறு பொய் எவ்வளவு காலம் கனக்கும் என்பதை நான் அறிவேன்.

அன்று கடைசி வரிசையிலிருந்து கேட்ட மாணவர் இன்று எங்கிருக்கிறாரோ, அறியேன். இந்தப் பேச்சு அவர் காதில் விழுமானால், அவருக்கு ஒரு சொல்: தம்பி, அன்று நான் உன் மலைக்கு வந்ததில்லை. இப்போது வந்துவிட்டேன். வளப்பூர் நாட்டுக்கு வந்தேன்.